ஜப்பான் வாளில் குத்திய எலுமிச்சம்பழம்

என் மகளுக்கு மாப்பிள்ளை தேடிய நாட்களில் பேங்க் ஆபீசர், கம்ப்யூட்டர்காரர், வாத்தியார், மனை விற்பவர் என்று எத்தனையோ ஜாதகங்கள் வீட்டுக்கு வந்து போயின. பழைய ஜப்பான் வாள் விற்கிறவருடைய ஜாதகம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் என் அண்ணன். சட்டைப் பையில் பத்திரமாக வைத்து, புதையல் கிடைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொண்டுவந்தார்.

அண்ணன் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே இருந்து பயிர் வைக்கிறவர். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் போக, ஊர் அம்மன் கோயில் பொறுப்பும் அவரிடம்தான். என் கணவர் தவறிய பிறகு என் மகளுக்குத் தாய்மாமனாக மட்டுமில்லை, அப்பா இடத்திலும் அவர்தான் நின்றார். அந்த நன்றி எனக்கு நிறைய உண்டு. ஆனால் ஒருத்தன் வெள்ளையாக உடுத்தி மெதுவாகப் பேசினால் போதும், அண்ணன் அவனை உத்தமன் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். ஆளை எடை போடுகிற விஷயத்தில் அவர் மேல் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது.

"பையன் ஜப்பான்ல வேலை பாத்தவன்மா. அங்க ஒரு பெரிய வியாபாரிகிட்ட தொழில் கத்துக்கினு வந்து இங்க கிரிவலப் பாதைப் பக்கம் கடை போட்டுக்கிறான். லைசென்ஸு, பேப்பரு எல்லாம் பக்காவா வெச்சிருக்கான். வெள்ளைக்காரங்கல்லாம் வந்து கும்பிட்டுட்டுப் போறாங்களாம்" என்றார்.

"கத்தியையா கும்பிடறாங்க?"

"ஏன், நாம கும்பிடறதில்லையா?"

மகள் சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலையில் இருந்தாள். புடவை எடுப்பதில்கூட என் பேச்சைக் கேட்காதவள், இதில் மட்டும், "போன்ல பேசினேன், நல்லாத்தான் பேசறாரு. நீ நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து சொல்லும்மா. நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம்" என்று விட்டுவிட்டாள். ஜாதகம் பொருந்திவிட்டது. அண்ணன் மனதுக்குள் பாதிக் கல்யாணத்தை முடித்துவிட்டார். பாக்கி இருந்தது என் ஒரு வார்த்தைதான். அவள் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு நிற்கிறதே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடை, அடி அண்ணாமலை போகிற வழியில், பாதையை விட்டு உள்ளே தள்ளி ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலில் கூழாங்கல் பரப்பி மூங்கில் வைத்திருந்தார்கள். பெயர்ப் பலகை உள்ளங்கை அகலம்தான். வியாபாரம் செய்வதற்கே கூச்சப்படுகிறவன் எழுதிய மாதிரி சின்ன எழுத்து. கதவைத் திறந்ததுமே கிராம்பு எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. சொத்தைப் பல்லில் பஞ்சு வைத்துக்கொண்டவர்கள் வாயைத் திறந்தால் அடிக்குமே, அதே வாசனை. வாள் துருப்பிடிக்காமல் இருக்க அதைத்தான் தடவுவார்களாம். அதோடு ஊதுபத்திப் புகை வேறு.

நான் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். பல வருஷம் அவசரப் பிரிவில் நின்றவள். வரப்புத் தகராறில் வெட்டு வாங்கி வந்தவன், பங்காளிச் சண்டையில் தோள்பட்டை தொங்கிக்கொண்டு வந்தவன் என்று எத்தனையோ பேரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இரும்பு ஒரு உடம்பில் இறங்கினால் அந்த இடம் எப்படி இருக்கும், என்ன வாடை வரும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நான் முகம் சுளித்ததில்லை. அந்தக் கடையில்தான் சுளித்தேன்.

வாசலில் பையனுடைய அம்மா தட்டோடு நின்றிருந்தார். சந்தனம், வெற்றிலை, குங்குமம், ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். வயசு என்னவோ எனக்கு ஒத்த வயசுதான் இருக்கும். ஆனால் தோள் இரண்டும் முன்பக்கம் ஒடுங்கிப்போய் என்னைவிட மூத்தவராகத் தெரிந்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. கத்திக் கடைய கண்டுபுடிக்க செரமமா இருந்துச்சா?" என்று சிரித்தார்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா. கேலரி."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த அம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. "கேலரி" என்று எங்களுக்குத் திருத்திச் சொல்லிவிட்டு, பழத்தையும், சந்தனம் குங்குமம் வைத்த வெற்றிலையையும் கொடுத்துவிட்டு, ஓரமாக நடந்து பின்பக்கம் போய்விட்டார். மகனுடைய கடையில் அவர் அப்படி ஓரமாக நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பையன் வெள்ளை ஜிப்பாவில் வந்தான். முடியை உச்சியில் சின்னக் கொண்டையாகப் போட்டிருந்தான். கை இரண்டையும் தொடையில் வைத்து இடுப்பு வரை குனிந்தான். அண்ணன் பதறிப்போய்க் குனிந்தார். அவன் மறுபடியும் குனிய, இவரும் மறுபடியும் குனிய, கொஞ்ச நேரம் இதுவே நடந்தது.

"வாங்க அங்கிள். வாங்க ஆன்ட்டி."

அத்தை, மாமா என்று சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் அதற்குள் "மாப்ள" என்று ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் கையில் ஆளுக்கொரு மெல்லிய தாளைக் கொடுத்தான். வாளுக்குப் பக்கத்தில் போகும்போது அதை உதட்டில் கவ்விக்கொள்ள வேண்டுமாம். நம் மூச்சும் எச்சிலும் பட்டால் இரும்பு கெட்டுவிடுமாம். பேச வேண்டுமென்றால் நாலடி தள்ளி வந்து, தாளை எடுத்துவிட்டுத்தான் பேச வேண்டுமாம். எங்கள் ஊரில் அம்மனுக்குப் பூசை செய்யும்போது பூசாரி வாயில் துணி கட்டிக்கொள்வார். அதைப் பார்த்தே வளர்ந்த அண்ணனுக்கு இங்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. நானும்தான் வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு வேலை செய்தவள். ஆனால் அது வெட்டுப்பட்டவன் புண்ணில் என் எச்சில் படக்கூடாது என்பதற்காக. இங்கே வெட்டிய இரும்புக்கு அந்த மரியாதை. தாள் நனைந்து என் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

கூடம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வாள், அடியில் மஞ்சள் விளக்கு. கோரைப்பாய் மாதிரி ஒரு தடித்த பாயில் வெள்ளைக்காரர் ஒருவரும் ஒரு அம்மாளும் சம்மணம் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மலை நின்றது. இவர்கள் முதுகு மலைக்கு, முகம் வாளுக்கு. கடல் தாண்டி வந்தது இதற்குத்தானா என்று கேட்கலாம் போலிருந்தது.

"இது ஆயுதம் இல்ல ஆன்ட்டி, மனசு" என்றான் பையன். "செஞ்சவனோட மனசு எவ்ளோ சுத்தமோ, இரும்பும் அவ்ளோ சுத்தம். இத கைல எடுத்தா நமக்குள்ள இருக்கற சத்தமெல்லாம் அடங்கிடும்."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்குள் சத்தம் ஜாஸ்திதான் ஆனது.

உள்ளதிலேயே உயர்ந்தது என்று ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, தாழ்வான மேசையில் ஊதாப் பட்டு விரித்து வைத்தான். அழகில்லை என்று சொன்னால் பொய். விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு, பால் பொங்கி அப்படியே நின்றுவிட்ட மாதிரி, அலையலையாக ஓடியது. இவ்வளவு அழகாக இருப்பதே எனக்கு அருவருப்பாக இருந்தது. பிடியில் இருந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தான். பிடியைக் கழற்றினான். உள்ளே மறைந்திருந்த துருவேறிய பகுதியில் ஜப்பான் எழுத்துகள் இருந்தன. ஒரு பக்கம் வெறும் செதுக்கல். மறுபக்கம் தங்கம் இழைத்த எழுத்து.

நாங்கள் தள்ளி வந்து தாளை எடுத்தோம். "தங்கத்துல இன்னா மாப்ள எழுதிக்கீது? சாமி பேரா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்ல அங்கிள், அது சோதனைச் சான்று. ரெண்டு உடம்புன்னு போட்டிருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்சு வெட்டிப் பாத்திருக்காங்க. ஒரே வெட்டுல ரெண்டும் துண்டாயிருக்கு."

"யாரோட உடம்பு?" என்றேன்.

"தண்டனை குடுத்த கைதிங்க, ஆன்ட்டி. பெரும்பாலும் செத்த உடம்புதான்."

"பெரும்பாலும்னா?"

அவன் சிரித்தான். விவரம் தெரியாத வாடிக்கையாளரிடம் சிரிக்கிற பொறுமையான சிரிப்பு. "அந்த எழுத்து இருக்கறதாலதான் இதுக்கு மதிப்பே. இல்லாததுங்க கம்மி."

ஏதோ ஒரு தாய் பெற்ற இரண்டு பேரை அடுக்கி வைத்து, வெட்டி, எத்தனை என்று எண்ணி, அதைத் தங்கத்தில் பதித்திருக்கிறார்கள். அது அந்தக் காலத்துப் பாவம், போகட்டும். இவன் இன்றைக்கு ஊதுபத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு, மனசு, சுத்தம் என்று பேசிவிட்டு, அதே வாயால் அந்த எண்ணிக்கையைச் சொல்லி விலை ஏற்றுகிறான். நான் அண்ணனைப் பார்த்தேன். முதல் தடவையாக அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அப்போது வெள்ளைக்காரர் கண் திறந்து அவனைக் கூப்பிட்டார். அவர்களை அடுத்த அறைக்கு அழைத்துப் போகிற அவசரத்தில், பிடியைத் திரும்ப மாட்டி வாளைப் பட்டிலேயே வைத்துவிட்டு, "கை மட்டும் வெச்சிடாதீங்க அங்கிள், ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிப் போனான்.

நான் போய் ஜன்னலருகில் நின்றுகொண்டேன். நல்ல காற்று வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணன் மேசை முன்னால் மண்டி போட்டிருந்தார்.

எங்கள் ஊர்க் கோயிலில் அம்மன் கத்தியை வெறுமனே வைக்க மாட்டோம். பொட்டு வைத்து, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தித்தான் வைப்போம். உயிர் குடித்த இரும்பு சும்மா கிடந்தால் மறுபடி கேட்கும், பழத்தைக் கொடுத்தால் அடங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இரண்டு உடம்பை வெட்டிய வாள், பொட்டில்லாமல் பழமில்லாமல், தங்கை மகள் வாழப்போகிற இடத்தில் கிடப்பதை அண்ணனால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பையன் சொன்ன முறையை அவர் ஒன்றும் மீறவில்லை. வாயில் தாளைப் பத்திரமாகக் கவ்வியிருந்தார். பொட்டு வைப்பதெல்லாம் அவர் கணக்கில் கை வைப்பது ஆகாது. வெற்றிலையில் இருந்த சந்தனத்தில் குங்குமத்தைக் குழைத்து வாள் நெடுக மூன்று இடத்தில் அப்பினார். வாசலில் கொடுத்த எலுமிச்சம்பழத்தை நுனியில் குத்தினார். சாறு அந்தப் பால் கோட்டின் மேல் வழிந்து பட்டில் சொட்டியது. கையெடுத்துக் கும்பிட்டார்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கடையில் எனக்குப் பார்க்கச் சகித்த ஒரே காட்சி அதுதான். சிரிப்புகூட வந்தது.

பையனுடைய அம்மா தண்ணீர் டம்ளர்களோடு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்ததும் டம்ளர்களைப் போடாத குறையாகத் தரையில் வைத்தார்.

"அய்யோ, இன்னாங்க பண்ணீங்க? எடுங்க, எடுங்க, அவன் வர்றதுக்குள்ள எடுங்க!"

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எழுவதற்குள் அந்த அம்மாவே பாய்ந்து பழத்தைப் பிடித்து இழுத்தார். சாற்றில் பழம் வழுக்கியது. பழத்தோடு போன கை வாளோடும் போனது. உள்ளங்கை குறுக்கே திறந்துகொண்டது.

அவர் கத்தவில்லை. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடுத்த அறைக் கதவைத்தான் பார்த்தார்.

பையன் வந்தான். நின்றான். எல்லாவற்றையும் பார்த்தான். ஜிப்பாவிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அம்மாவின் கைக்கு என்றுதான் நான் நினைத்தேன். அதை அவன் உதட்டில் கவ்விக்கொண்டு வாளின் முன்னால் மண்டி போட்டான். வாளைக் கையில் எடுத்து, இன்னொரு தாளால் எலுமிச்சைச் சாற்றைத் துடைத்தான். குங்குமத்தைத் துடைத்தான். பெற்றவளின் ரத்தத்தைத் துடைத்து, அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்தான். ஒரு சின்னப் பொட்டலத்தால் மாவு மாதிரி எதையோ ஒற்றி ஒற்றி மறுபடி துடைத்தான். கைக்குழந்தைக்கு மூக்கு சிந்திவிடுகிற பக்குவம் அந்த விரல்களில் இருந்தது. நாலடி தள்ளி அவன் அம்மா நின்றுகொண்டிருந்தார், முழங்கை வழியாக ரத்தம் சொட்டச் சொட்ட. அவன் கண் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை.

நான் கையிலிருந்த தாளைக் கசக்கிப் போட்டேன். மேசையிலிருந்த பட்டை உருவினேன். அந்த அம்மாவின் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, பட்டை நாலாக மடித்து அழுத்தினேன்.

அவன் எழுந்து முறைப்படி நாலடி தள்ளிப் போனான். தாளை எடுத்தான். அதே மெதுவான குரலில் சொன்னான்.

"அம்மா. பாய்ல சொட்டுது."

"பெத்தவ கை பொளந்து நிக்கிறா, பாயப் பத்திப் பேசறியே, நீயெல்லாம் மனுசனாடா?" என்றேன். டா போட்டது அப்புறம்தான் எனக்கே தெரிந்தது.

"டென்ஷன் ஆகாதீங்க ஆன்ட்டி. கை ஆறிடும். இது ஆறாது" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி தாளைக் கவ்விக்கொண்டான்.

அந்த அம்மாவைப் பின்பக்கச் சமையல் கட்டுக்கு அழைத்துப் போய் ஸ்டூலில் உட்கார வைத்தேன். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னேன். மடங்கின. நரம்புக்கு ஒன்றும் இல்லை, தையல் மட்டும் போட வேண்டும் என்று சொன்னேன். "பரவால்லங்க, மஞ்சள் வெச்சிக்கிறேன்" என்றார். அண்ணன் பின்னாலேயே வந்து, தூணோடு தூணாக நின்றார். கொஞ்ச நேரம் கழித்து என் காதருகில் வந்தார்.

"தப்பு நம்மளுதும்மா. அவ்ளோ பெரிய பொருள நான் கெடுத்துட்டேன். ஆனா பையன் ஒரு வார்த்த கோவமா பேசினானா பாரு. வந்து பாத்தப்ப வாயே தொறக்கல. இன்னா பொறுமை!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "அவன் வாயில காகிதம் இருந்துச்சுண்ணா. கத்தி மேல எச்சி படக்கூடாதுன்னு பேசல. அது பொறுமையா?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்து இருந்து எல்லாத்தயும் புண்ணாவே பாக்கற."

சமையல் மேடையில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் தட்டுகளில் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், மனதுக்குப் பிடித்து முடிவானால் ஒழிய அங்கே கை நனைக்க மாட்டோம். தண்ணீர் குடிக்கலாம். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டை அவமானப்படுத்தியதாகிவிடும். அண்ணன் அந்தத் தட்டுகளைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்தது. பழத்தைக் குத்திய தப்புக்குப் பரிகாரமாக என் மகளைக் கொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"சாப்பிடாம போனா இன்னும் அசிங்கம்" என்று முணுமுணுத்தார்.

"நான் சாப்பிட மாட்டேன். நீயும் தொடாதண்ணா."

"நான் தாய்மாமன். எனக்கும் ஒரு வார்த்த இருக்குதில்ல?" என்று சொல்லிவிட்டு, குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஒரு விள்ளல் கேசரியை எடுக்கக் கையை நீட்டினார். என் மகள் "நீ சரின்னா சரி" என்றது எனக்கு அந்த நேரத்தில் காதில் கேட்கவில்லை. கேசரியில் மின்னிய நெய் மட்டும்தான் தெரிந்தது.

அப்போது ஸ்டூலில் இருந்த அந்த அம்மா எழுந்தார். பட்டு சுற்றிய கையை மார்போடு வைத்துக்கொண்டு, மறு கையால் அண்ணன் முன்னாலிருந்த தட்டை எடுத்தார். என் தட்டையும் எடுத்தார். இரண்டையும் மேடையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்து, மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்தார். கூடத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"சாப்பிடாதீங்கண்ணா" என்றார், குரலே எழும்பாமல். "அவங்கப்பாரும் இப்படித்தான் இருந்தாரு. கத்தவே மாட்டாரு. அவங்க வீட்ட பாக்கப் போனன்னிக்கி எங்கப்பா சாப்பிட்டுட்டாரு."

அண்ணன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். பின்கதவுக்கு வெளியே கிடந்த அந்த அம்மாவின் ரப்பர் செருப்பைத் தானே எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தார்.

"போட்டுக்கோ தங்கச்சி. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார்.